ஓவசியர் ஐயா கண்ட சேவல்

சிறுவயதில் நான் வாங்கிய அடிகளுக்கு அளவில்லை. அவற்றில் பெரும்பாலானவை நான் வாங்க வேண்டியவைதான். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஓர் அடி அநியாயமானது. தலை நரைத்த பிறகும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை. அது கோழிக்குஞ்சால் வந்த அடி.

அப்போது நாங்கள் திருகோணமலையில், பாலையூற்றில் இருந்தோம். நான் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. அப்பாவுக்குத் துறைமுகப் பக்கம் படகு திருத்துகிற பட்டறையொன்றில் பெயின்ற் அடிக்கிற வேலை. தற்காலிக வேலை. ஏழு வருடமாகத் தற்காலிகம். அடுத்த வளவு முஸ்லிம் வீட்டில் இருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவருக்கும் அதே பட்டறை, அதே தற்காலிகம். வருடத்துக்கு ஒருமுறை பட்டறையை மேற்பார்க்கிற ஓவசியர் ஐயா ஒரு பட்டியல் எழுதி மேலே அனுப்புவார். அதில் பெயர் இருப்பவர்கள் நிரந்தரமாவார்கள். இவர்கள் இருவரின் பெயரும் ஒருமுறையும் இருந்ததில்லை. இந்த வருடமும் இல்லாவிட்டால் இருவரையும் நிறுத்திவிடுவார்கள் என்று பட்டறையில் கதை அடிபட்டது.

அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. கடையில் முட்டையைக் காண்பதே அருமை. வேலை போனாலும் முட்டை விற்றுப் பிழைக்கலாம் என்று அப்பாவும் நானாவும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசி முடிவெடுத்து, பாதிப்பாதி என்று கொழும்பிலிருந்து ஒரு பெட்டிக் குஞ்சு எடுப்பித்தார்கள். பெட்டி ரயிலில் வந்தது. மூடியைத் திறந்ததும் ஐம்பது மஞ்சள் குஞ்சுகள் ஒரே நேரத்தில் கத்தின. அப்பா சிரித்தார். என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

நானா தன் பாதியை எண்ணிக் கொண்டுபோனார். கோழி வளர்ப்பைப் பற்றி அப்பாவிடம் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. தேயிலைப் பெட்டியில் உமி பரப்பி, நடுவில் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்தார். குளிர் பட்டால் குஞ்சு செத்துவிடும் என்று புத்தகத்தில் இருந்ததாம். திருகோணமலை வெயிலில் நாங்களே அவிந்துகொண்டிருந்தோம். குஞ்சுகள் மூலைக்கு மூலை ஓடி ஒதுங்கி, சொண்டைத் திறந்து மூச்சு வாங்கின. குளிரில்தான் ஒதுங்குகின்றன என்று அப்பா திரியை இன்னும் தூண்டிவிட்டார். இரண்டு நாளில் ஆறு செத்துப் போயின.

"புத்தகத்தை மூடிப்போட்டுக் குஞ்சைப் பாருங்கோ," என்றார் அம்மா. லாம்பைத் தூக்கி வெளியே வைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு அறிவால் ஒரு குஞ்சும் சாகவில்லை. காகம் மூன்றைத் தூக்கியது. கீரி இரண்டைக் கொண்டுபோனது. அவ்வளவுதான்.

மீதி வளர்ந்தன. மஞ்சள் போய் எல்லாம் வெள்ளையாகின. கால் நீண்டதும் வேலியால் நுழைந்து நானாவின் வளவுக்குப் போயின. நானாவின் குஞ்சுகள் எங்கள் பக்கம் வந்தன. எது யாருடையது என்று தெரியவில்லை. அம்மாவும் நானாவின் மனைவி ராத்தாவும் அதுவரை நல்ல சிநேகிதம். உப்பும் புளியும் கைமாறிய அதே வேலி ஓட்டைக்குள்ளால் இப்போது குற்றச்சாட்டுகள் கைமாறின.

அடையாளத்துக்குக் காலில் நூல் கட்டுவது ஊர் வழக்கம். அம்மா சிவப்பு நூல் கட்டினார். குஞ்சுகள் அதைப் புழு என்று நினைத்து ஒன்றின் காலை ஒன்று கொத்திப் புண்ணாக்கின. பெண்களுக்கு இந்த வேலை சரிவராது என்று அப்பா சொன்னார். மறுநாள் சாப்பாட்டுப் பையின் அடியில் ஒரு சின்ன ரின்னை ஒளித்துக்கொண்டு வந்தார். பட்டறைப் பெயின்ற். படகுகளுக்கு அடிக்கிற சாம்பல் நிறம். கடையில் வாங்க முடியாத சாமான். வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து, எங்கள் குஞ்சு ஒவ்வொன்றின் முதுகிலும் விரலகலத்துக்கு ஒரு பட்டை இழுத்தார். அவர் நல்ல வேலைக்காரர். பட்டை நேராகவே இருந்தது.

விடிந்ததும் வேலியால் நுழைந்து வந்த நானாவின் குஞ்சுகளின் முதுகிலும் சாம்பல் பட்டை இருந்தது.

இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே பீப்பா. ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாது. இதற்காகச் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கவும் வழியில்லை. பெயின்ற் எங்கேயிருந்து வந்தது என்று ரோட்டில் போகிறவன் கேட்பான். ஆகவே இருவரும் வாய் திறக்காமல் சண்டை பிடித்தார்கள். பொழுதுபடும் நேரம் அப்பா கூட்டடியில் உடைந்த அரிசி எறிவார். அதைப் பார்த்து நானா தேங்காய்ப்பூ எறிவார். அப்பா கருவாட்டுத் தலையை இடித்துப் போடுவார். எந்தக் கூட்டுக்குள் போய் அடைகிறதோ, கோழி அந்த வீட்டுக்கு. ஊரெல்லாம் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டவை அந்தக் கோழிகள் மட்டும்தான்.

பட்டியல் எழுதுகிற மாதம் வந்தது. ஓவசியர் ஐயாவை ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று அப்பா ஓர்ஸ் ஹில்லில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனார். முருங்கைக்காய்க் கட்டைச் சுமக்க என்னையும் கூட்டிப்போனார். உள்ளே அவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, நான் ஐயாவின் கேற்றில் தொங்கி ஆடினேன். அது புதிதாகப் பெயின்ற் அடித்த கேற். என் நீலச் சட்டையின் முன்பக்கம் அகலமாக ஒட்டிவிட்டது. அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. எனக்கிருந்த ஒரே நல்ல சட்டை அது. சட்டை பாழானதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று ஐயா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து வளவைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது. பட்டறையின் பெயின்ற் காலும் சொண்டும் முளைத்து வளவு முழுக்க ஓடித்திரிந்தது. ஒரு சேவலைப் பிடித்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். சேவல் அடுப்பைப் போல மணத்தது, பட்டை அப்படியே இருந்தது. அன்று பின்னேரம் அவரும் நானாவும் எத்தனையோ கிழமைக்குப் பிறகு வேலியடியில் கதைத்தார்கள். இரண்டு வீட்டுக் கோழிகளையும் நானாவின் குசினிக்குள் அடைப்பது, நான் அதன் வாசலில் காவல் நிற்பது, வாயே திறக்காமல் இருப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குக் கோழியை நானா அறுத்தார். அவர் அறுத்தால்தான் இரண்டு வீடும் சாப்பிடலாம். எங்கள் வீட்டில் கோழி ஈரல் எப்போதும் அப்பாவுக்குத்தான். வேறு ஒருவர் கை வைத்ததில்லை. அன்று அம்மா அதை ஐயாவின் இலையில் போட்டார். அது ஐயாவின் வாய்க்குள் போகும்வரை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாப்பாடு முடிந்து ஐயா வாசல் கதிரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். நானா மரியாதைக்காக வேலியடியில் வந்து நின்றார். நான் குசினிக் கதவை ஒரு நொடிகூட விடவில்லை. ஆனால் கூரைக்குக் கீழே புகை போகிற ஓட்டை ஒன்று இருக்கிறதென்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அதற்குள்ளால் ஒரு சேவல் வெளியே வந்து, வேலியில் ஏறி, மறுபக்கம் குதித்தது. ஆம்பிளைகளின் குரல் கேட்கிற இடத்தில் அரிசி விழும் என்று பழகிய சேவல். நேரே ஐயாவின் காலடிக்குப் போய் நின்றது.

ஐயா மெல்லுவதை நிறுத்தினார்.

"இதென்ன சாதிக் கோழி?"

"அது சீமைச் சாதி ஐயா," என்றார் அப்பா. "பொரிக்கேக்கையே இப்பிடித்தான்."

"ஓம் ஐயா, எங்களிட்டயும் இருக்கு," என்றார் நானா.

சேவலைப் பிடிக்க ஓடிவந்த நான் இதைக் கேட்டுவிட்டேன். பொய் சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்று என்னை மிரட்டுகிற மனிதர் அப்பா. எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லை ஐயா, அது பெயின்ற்," என்றேன். ஐயா நம்பாமல் விட்டுவிடுவாரோ என்று என் நீலச் சட்டையின் முன்பக்கத்தை இழுத்துச் சேவலின் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "பாருங்கோ, ஒரே நிறம். இது உங்கட கேற்றில பட்டது."

சேவல் ஐயாவின் செருப்பைக் கொத்தியது. ஐயா சேவலைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், கடைசியாக அப்பாவைப் பார்த்தார். பிறகு எழும்பி, "கறி நல்லாயிருந்தது," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா வேலியில் ஒரு பூவரசங் கம்பை முறித்தார். நானா அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "அவள அடிச்சி என்ன தம்பி, நம்மட பேரு போச்சு," என்றார். அதைக் கேட்டதும் அப்பா இன்னும் இரண்டு போட்டார். பெயின்ற் எடுத்தவர் அவர். பொய் சொன்னவர் அவர். அடி எனக்கு. ஒரு கிழமைக்கு நான் அவருடன் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை. கூட்டடியில் குந்தியிருந்து, இனி முட்டைதான் கதி என்று கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பட்டியல் வந்தது. இருவரின் பெயரும் இருந்தது, அதுவும் மேலேயே இருந்தது. கறியின் ருசி என்றார் அப்பா. பள்ளிவாசலுக்கு வைத்த நேர்ச்சை என்றார் ராத்தா. நானா இன்னொரு செய்தியும் கொண்டுவந்தார். ஐயா தன் கேற்றுக்குப் பச்சை அடித்திருக்கிறாராம். அப்பாவும் நானாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். எனக்குத் துக்கமாக இருந்தது. நல்ல கேற். கோழியின் நிறம் என்று நான் சொன்னதால்தான் ஐயாவுக்கு அது வெறுத்துப்போனது என்று நினைத்தேன்.

அன்று அம்மா அந்தச் சேவலைக் கறியாக்கினார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா சட்டியைக் கிளறி, ஈரலைத் தேடி எடுத்து, என் தட்டில் போட்டார். அப்பா என் தட்டைப் பார்த்தார். பிறகு தன் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

அம்மாவுக்குக் கை தவறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். திருப்பி எடுப்பதற்கு முன்னர் விழுங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதன் ருசிகூட எனக்குத் தெரியவில்லை.