தம்பிக்கு மட்டும் பஞ்சாமிர்தம்

தம்பிக்குக் குடலிறக்கம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, இரண்டாம் வகுப்புப் படிக்கும் நான் ஒருத்தி வீட்டில் இருப்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம் "சின்ன ஆபரேஷன்தான்" என்றார் அப்பா. சின்ன ஆபரேஷனுக்கே இத்தனை ஆப்பிளா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஹார்லிக்ஸ் அவனுக்கு, பேட்டரி கார் அவனுக்கு, அம்மாவின் மடியும் அவனுக்கு. எனக்கும் ஒரு குடலிறக்கம் கொடு என்று சாமியிடம் வேண்டிப் பார்த்தேன். வரவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபரேஷன் அன்று காலையில் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அம்மா பிஸ்கட் பாக்கெட்டை அவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து, அப்பாவின் அக்கா கறம்பக்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோயில் பஞ்சாமிர்தத்தோடு வந்து சேர்ந்தார். அம்மா லேசாகத் தயங்கினாள்.

"பிரசாதமெல்லாம் சாப்பாட்டுல சேருமா? சாமி குடுக்குறத வேண்டாங்கலாமா?" என்றபடி அத்தை டப்பா காலியாகும்வரை ஊட்டினார். நான் கையை நீட்டினேன். அவனுக்கென்று வேண்டிக்கொண்டதாம், நான் தின்னக் கூடாதாம். தம்பி விரலை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து, ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்டார். "இல்லீங்க, வெறும் வயித்தோடதான் இருக்கான்" என்றாள் அம்மா. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நியாயம் கேட்க ஒருவர் வந்துவிட்டார் என்று எண்ணி, ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தையும் அவனே தின்றான், எனக்கு ஒரு வாய்கூடத் தரவில்லை என்று அழுதேன்.

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பொறாமை பிடித்தவள் என்று அத்தை என்னைத் திட்டித் தீர்த்தார். டாக்டரம்மா அம்மாவை உட்காரவைத்துப் பேசினார்.

"ஆபரேஷன் சின்னதுதாம்மா, மயக்கம் அப்படி இல்ல. மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டா புள்ளைக்கு மூச்சே நின்னுரும். சாமி பிரசாதமா இருந்தாலும் வயித்துக்குள்ள போனா சாப்பாடுதான்."

அம்மா எழுந்து, தம்பியின் கட்டிலைத் தாண்டி நேராக என்னிடம் வந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தம்பி கட்டிலிலிருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவழியாக அம்மாவுக்கு அவனைவிட என்னைப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.