நாலு வெள்ளரியும் ஒரே உயரம்

“அடியே, நேற்றுத்தானே கிள்ளினனான், அதுக்குள்ள இன்னொண்டோ?” என்று வெள்ளரிக்கொடியை ஏசிக்கொண்டே, இலைக்கக்கத்தில் முளைத்த பக்கக்கிளையை நகத்தால் கிள்ளி எறிகிறார் ஜெகதீஸ்வரி அக்கா. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடி இது. தண்ணீர்த் தாங்கிக்கும் உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்கும் நடுவே நாலு பெரிய வாளிகள், அவற்றில் நாலு வெள்ளரி. காலையில் கிள்ளினால்தான் காயம் பகலுக்குள் உலரும் என்பது அக்காவின் கணக்கு.

கீழிருந்து ஐந்து கணுவரைக்கும் எதையும் விட்டுவைக்கமாட்டார். கிளை, பூ, பூவோடு ஒட்டிய பிஞ்சு எல்லாம் போய்விடும். காவலாளி றெஜி, “அனே பவ், நோனா” என்று பிஞ்சுகளுக்காகப் பரிதாபப்படுவான். சிங்களத்தில் அவனை ஓர் அதட்டு அதட்டிவிட்டு என்னிடம் திரும்புவார். “பாவம் பார்த்தா ஒண்டும் வராது பிள்ளை. கீழயே காய்க்க விட்டா கொடிக்கு மேல ஏறச் சீவன் இராது.” ஆனால் தலைக்கொழுந்தில் மட்டும் நகம் படாது. அதைக் கயிற்றில் சுற்றிவிடும்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார். அது போனால் கொடி மேலே ஏறாது என்று எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

அக்காவின் வாய்க்குக் கட்டடமே பயம். ஒருநாள் என் ஈரப் போர்வை காற்றில் பறந்து கொடியில் உரசியதற்கு, மூன்று மாடிக்கும் கேட்க என் வளர்ப்பைப் பற்றி விசாரித்தார். பின்னேரம் இரண்டு வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து நீட்டி, “சம்பல் போட்டுச் சாப்பிடும்” என்றதும் அதே வாய்தான். கோபத்தை எப்படி வைத்திருப்பது?

இந்த வாய் ஓர் ஆளிடம் மட்டும் தோற்றுக்கொண்டிருந்தது. கணவர் சண்முகலிங்கம் புறக்கோட்டையில் சேலைக்கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. காலைதோறும் அக்கா வாசலில் நின்று, “இஞ்சேருங்கோ, ஒருக்கா மேல வந்து பாருங்கோவன்” என்பார். “பிறகு” என்று பதில் வரும். அந்தப் பிறகு வந்ததேயில்லை.

“காய் சந்தையில கிடைக்குந்தானே. மனிசன் ஏறி வரட்டும் எண்டுதான் இதுகளை நட்டனான்,” என்று ஒருநாள் சொன்னார். “கதிரையோடயே ஒட்டிப்போனார் பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு.” அன்றைக்கு அவர் கொடியைக்கூட ஏசவில்லை. 

போன சதுர்த்திக்கு அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம், உடுப்புக் காயப்போட நான் மேலே ஏறினேன். பார்த்தால், சண்முகலிங்கம் அண்ணர்! சாரத்தை மடித்துக் கட்டி, கடையில் சேலைத்துணி வெட்டிய பெரிய கத்தரிக்கோலோடு நின்று, தலையைச் சரித்துக் கொடிகளை ரசித்துக்கொண்டிருந்தார். நாலு கொடியும் ஒரே உயரத்தில் நின்றன. ஐயோ, நாலின் தலைக்கொழுந்தும் நிலத்தில் கிடந்தது. ஐந்தாம் கணுவுக்கு மேலே விட்டிருந்த பக்கக்கிளைகளோ பத்திரமாக இருந்தன.

“ஒண்டு நெட்டை, ஒண்டு கட்டை. பார்க்க வடிவில்லை. அதுதான் லெவல் பண்ணிவிட்டன்,” என்று சிரித்தார். அந்த மனிதருக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். “மனிசிக்குச் சொல்லாதையும், தானா வந்து பார்க்கட்டும்.”

அக்கா நெற்றியில் திருநீறும் கையில் கோயில் பையுமாகப் படியேறி வந்தார். முதலில் கணவரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு கொடிகளைப் பார்த்தார். நான் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாரானேன்.

“எப்பிடி?” என்றார் அண்ணர்.

வசவு தொண்டைவரை ஏறியது எனக்கே தெரிந்தது. அக்கா அதை விழுங்கினார்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றார். “இனி பக்கக்கிளையில ஒவ்வொண்டை மேல ஏத்திக் கட்டவேணும். எனக்குக் கயிறு கட்டின மேல்கம்பி எட்டாது. நாளைக்கும் வருவியளே?”

“ஓம், வாறன். கத்தரிக்கோலும் கொண்டு வாறன்.”

“வேண்டாம்!” என்று பதறிவிட்டுக் குரலைத் தணித்தார். “கிள்ளிறதுக்கு என்ர நகம் காணும். நீங்கள் கட்டிவிட்டாப் போதும்.”

அண்ணர் உற்சாகமாகக் குனிந்து கயிற்றின் சிக்கெடுக்கத் தொடங்கினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இப்படியே விட்டால் அடுத்த மாதமும் லெவல் பண்ணுவாரே!

“அண்ணை, அந்தத் தலைக்கொழுந்து...” என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், அக்கா பைக்குள் கையை விட்டுக் கோயில் மோதகம் ஒன்றை எடுத்து, முழுசாக என் வாய்க்குள் திணித்தார்.