அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்தக் குளியல் தொட்டிதான். நாலு கால் வைத்த வெள்ளைத் தொட்டி. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே அந்தப் பங்களாவில் கிடந்ததாம். பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள் அதைத் துலக்கிப் பித்தளைக் குழாய்கள் பூட்டி வைத்திருந்தார்கள். திறந்ததும் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கழுத்து வரை நிரப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தேன். சந்தோஷமாகத்தான் கிடந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்குவது அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான்.

அப்போது நான் கொழும்பில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தோட்டத்துப் பெண்களின் சுகாதாரத்தைப் பற்றி வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று இரண்டு நாள் கூட்டம் வைத்தது. தோட்டத்துப் பெண்கள் கால் வைக்க முடியாத ஓர் ஆடம்பர ஹோட்டலைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். பெல்மதுளைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா. நான் பிறந்த தோட்டம் அது. சின்ன வயதில் அந்த கேட்டுக்கு வெளியே நின்று பூக்களைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். தமிழ்ப் பெயர் என்றால் அடையாள அட்டையை வாங்கி முழு விவரத்தையும் எழுதிக்கொள்வார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் அட்டையைப் புரட்டி, பிறந்த இடத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "சேர் இந்தத் தோட்டமா?" என்று சிங்களத்தில் கேட்டாள். கேலி எதுவும் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டாள். என் பக்கத்தில் கொழும்பு ஆட்கள் நின்றார்கள். "இல்லை, பிறப்புப் பதிவு மட்டும்தான் இங்கே" என்றேன்.

கீழே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், நடந்தால் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், என் அக்கா இருந்தாள். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாலு. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கியதால்தான் நான் படித்தேன். அதற்காக அவள் பொறுமையின் சிகரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மலையில் அவளுடைய வாய்க்குக் கங்காணி பயப்படுவார். கோபம் வந்தால் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பாள், அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார். அவளைப் பார்த்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நாளைக்குப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொட்டியில் இறங்கினேன்.

அன்று அந்தித் தேநீருக்குப் புல்வெளியில் கூடியபோது ஹோட்டல் முகாமையாளர் நீச்சல் குளத்தைக் காட்டிப் பெருமைப்பட்டார். மலையிலிருந்து நேராக வரும் ஊற்றுத் தண்ணீராம். அந்த மலையில் எனக்குத் தெரிந்து இருந்தது ஒரே ஊற்று. அந்தத் தண்ணீர்தான் எங்கள் லயத்துப் பீலியில் விழும். மூன்று லயத்துச் சனமும் தகரப் பீலியின் கீழே வரிசையில் நின்று குடம் பிடிக்கும், குளிக்கும், துணி துவைக்கும். இது இங்கே வந்துவிட்டதென்றால் அங்கே என்ன விழுகிறது என்று ஒரு கேள்வி மனதில் எழுந்தது. யாரோ கேக் தட்டை நீட்டினார்கள். எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, கூட்டத்தில் பேசுவதற்காகத் தோட்ட ஆபீஸ் நாலு பெண்களை அனுப்பியிருந்தது. மூன்றாவதாக உள்ளே வந்தவள் அக்கா. கலியாண வீட்டுக்குக் கட்டும் பச்சைச் சேலை. என்னைப் பார்த்ததும் நின்றாள். என் சட்டையை, கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையை, என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் புரிந்துகொண்டாள்.

"வணக்கம் சேர்" என்றாள்.

என்னை வளர்த்தவள் என்னைச் சேர் என்றாள். நானும் வணக்கம் சொன்னேன்.

அவளுடைய முறை வந்தபோது நாற்காலியின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சேர், நான் சொல்றத அப்பிடியே இவங்களுக்குச் சொல்லுங்க. எங்க பீலிய மேலயே மறிச்சு இங்கிட்டு பைப்பு போட்டுட்டாங்க. நாங்க ஆத்துக்கு எறங்கித்தான் தண்ணி தூக்குறோம். போன மாசம் என் மக, எட்டு மாசம், குடத்தோட வழுக்கி விழுந்துட்டா. புள்ள செத்துத்தான் பொறந்துச்சு. எங்ககிட்டருந்து புடுங்குன தண்ணியிலதான் இவங்க நீந்துறாங்க."

அவளுடைய மகள் என் கையைப் பிடித்து நடை பழகியவள். அவளுக்கு நடந்ததை நான் அந்தக் கூட்டத்தில், மொழிபெயர்க்க வேண்டிய ஒரு வாக்கியமாகத்தான் முதன்முதலில் கேட்டேன். முகாமையாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நிறுவனத்திலிருந்து வந்திருந்த வெளிநாட்டு அம்மையார் பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: தண்ணீர் விஷயத்தில் இவர்களுக்குச் சில சிரமங்கள் இருக்கின்றன, இவர் குடும்பத்தில் ஒருவர் விழுந்துவிட்டார், நிலைமை முன்னேறினால் நன்றியுடையவர்களாக இருப்பார்கள்.

அம்மையார் கனிவாகச் சிரித்துத் தலையாட்டினார்.

அக்கா அந்தச் சிரிப்பையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னத நீங்க சொல்லல்ல."

"சொன்னேன்."

"சொல்லியிருந்தா அந்தம்மா சிரிச்சிருக்க மாட்டாங்க."

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அதற்குமேல் நான் அவளுக்குத் தேவைப்படவில்லை. எழுந்து முகாமையாளரைப் பார்த்து, எல்லாவற்றையும் சிங்களத்தில் முதலிலிருந்து சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. தேநீருக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்கள். தட்டுகளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். முகாமையாளர் சிங்களத்தில் வேலைக்காரர்களைக் கூப்பிடும் சொல்லால் அவளைக் கூப்பிட்டு, இதெல்லாம் தோட்டக் கம்பெனியோடு செய்த ஒப்பந்தம், இங்கே பேசாதே என்றார். "மரியாதையாகப் பேசுங்க மாத்தயா" என்று அதே மொழியில் சொன்னாள் அக்கா. "என் பேரப்பிள்ளை செத்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

"என்ன சொல்கிறார்?" என்று அம்மையார் என்னிடம் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. முதலில் நான் சொன்னது தவறு என்றேன். பிறகு அவள் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கடைசியில், இவர் என் அக்கா என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகாமையாளர் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். இடைவேளை முடிந்து நாங்கள் திரும்பியபோது நாலு பெண்களையும் வேனில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டிருந்தார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வேன் லயத்துக்குத் திரும்பும் பாதையைத் தாண்டிப் போனது. நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நிறுவனம் என்னை மறுபடி கூப்பிடவில்லை. கூட்டத்தின் அறிக்கை மட்டும் வந்தது. தண்ணீர் வசதி பற்றிக் கருத்துத் தெரிவிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. கொஞ்ச நாளில் ஹோட்டல்காரர்கள் லயத்துக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். காலை ஒன்பது மணிக்குத் திறந்து பதினொரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் பெண்கள் அத்தனை பேரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். தோட்டத்துக் குழந்தைக்குக் கூடத் தெரியும் அது. அக்காவும் மற்றப் பெண்களும் மூன்று நாள் வேலைக்கு இறங்கவில்லை. நாலாம் நாள் தோட்ட ஆபீஸ் சொல்லி ஹோட்டல்காரர்கள் குழாய்ப் பூட்டை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் அதை வாங்கியது தாங்களாகவே. என் ஆங்கிலத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அதன் பிறகுதான் நான் போனேன். அக்கா ஏசவில்லை. "வா தம்பி" என்று பாயை விரித்துவிட்டு, பின்பக்கம் போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள். வெகுநேரம் ஊதினாள். அவளுடைய மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல், உடம்பு எப்படி இருக்கிறது, கிளினிக்குக்குப் போகிறாயா என்று கேட்டேன். அறிக்கை எழுதுகிறவன் மாதிரிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ம், ம் என்றாள். நான் எழுந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"பொம்பளப் புள்ள மாமா" என்றாள். "இன்னிக்கு வரைக்கும் யாருமே கேக்கல்ல."