உள்ளே விழுந்த ஸ்க்ரூ

பணிமனையில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘மூணு இழுப்பு’. பேருந்தில் நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பிகளையும் கைப்பிடிகளையும் மாட்டுவதுதான் முப்பத்தொரு வருஷம் அவர் பார்த்த வேலை. ஒன்றை மாட்டி முடித்ததும் உடம்பின் எடை முழுவதையும் அதில் போட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது இழுப்புக்கும் அசையவில்லை என்றால்தான் வண்டி வெளியே போகும். மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டாலும் மூன்று என்பது இரண்டாகாது. கூட வேலை செய்தவர்கள் சும்மா விடுவார்களா? விருந்துக்குப் போனால்கூட நாற்காலியை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மனிதர் உட்காருவார் என்று கதை கட்டிவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “நிக்கறவங்க அதை நம்பித்தானேப்பா நிக்கறாங்க” என்பார்.

பணிமனையில்தான் இதெல்லாம். வீட்டு வேலை என்றால் எல்லாமே ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. குளியலறைத் தாழ்ப்பாள் ஒரு கயிற்றின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கொக்கிக்குப் பதிலாக ஒரு ஸ்பூன். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் நிலைமை அதேதான். எல்லாக் கிழமையும் சும்மா இருக்கிறவருக்கு எதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று நமக்குத் தோன்றும். அவர் மனைவிக்கும் தோன்றியது. “ஊர்ல ஓடற பஸ்ஸுக்கெல்லாம் ராஜவைத்தியம், நம்ம வீட்டுக்கு மட்டும் நாளைக்கு” என்று குத்திக் காட்டுவாள். குத்திக் காட்டிவிட்டு டீயும் கொண்டுவந்து வைப்பாள். அதனாலேயே அவருக்கு உறைக்கவில்லை.

அந்த அம்மாவின் ராஜ்யம் சமையலறை மூலையில் இருந்த ஓவன். சனிக்கிழமை தவறாமல் அதில் ஒரு கேக் வேகும். ஒரு நாள் ஓவன் கதவின் கைப்பிடி ஆடுகிறது என்று அவரைக் கூப்பிட்டாள். கைப்பிடியின் இரண்டு முனைகளையும் கதவின் உள்பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். முறைப்படி செய்வதென்றால் கதவைக் கழற்றிக் கீழே கிடத்தி, உள் கண்ணாடியை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். யார் அதையெல்லாம் செய்வது? இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில், கதவின் மேல் இடுக்கு வழியாகவே விரலை விட்டு முடித்துவிடலாம் என்று பார்த்தார். இடது பக்கத்து ஸ்க்ரூ விரலிலிருந்து நழுவிக் கதவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. வலது பக்கத்து ஸ்க்ரூவை இறுக்கினார். “இப்போதைக்கு ஒத்தைக் கால்ல நிக்கட்டும். ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம்” என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மூன்று தடவை வேண்டாம், ஒரே ஒரு தடவைகூட அதை இழுத்துப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஸ்க்ரூ உருண்டது.

“ஏங்க, கதவுக்குள்ள ஏதோ கலகலங்குதுங்க.”

“பழைய ஓவன்டி. நீயும் நானும் எழுந்திருச்சா மட்டும் கலகலங்கலையா?”

அவள் சிரித்தாள். அடுத்த வாரமும் சொன்னாள், அதற்கடுத்த வாரமும் சொன்னாள். எட்டு மாதம் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அவர் அதைப் பிரச்சினை தீர்ந்த கணக்கில் எடுத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஆள் விழுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மனைவி தரையில் மல்லாந்து கிடக்கிறாள், கையில் முழுக் கைப்பிடி. எட்டு மாதத்துக்கும் மேலாக ஒரு முனையிலேயே பாரம் இழுத்து இழுத்து, பிடித்துக்கொண்டிருந்த இடம் விண்டுபோய்விட்டது. கதவு லேசில் திறக்காதென்று அவள் எப்போதும்போல் எம்பி இழுத்திருக்கிறாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் டாக்டர், “எப்படிம்மா விழுந்தீங்க?” என்று கேட்டார். கட்டிலுக்கு ஒரு பக்கம் இவர், மறுபக்கம் அலறியடித்துக்கொண்டு வந்த மகள். மனைவி இவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“தலை சுத்திடுச்சு டாக்டர். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

மகள் வெளியே போனதும் அவர் குனிந்து, “இல்லடி, அந்த ஸ்க்ரூவ நான்தான்...” என்று ஆரம்பித்தார்.

“விடுங்க. அவ காதுல போடாதீங்க. உங்கள மன்னிக்க மாட்டா. அப்பறம் நீங்க யாருகிட்ட போவீங்க?”

அவர் விட்டுவிட்டார். தள்ளிவைத்துத் தள்ளிவைத்துப் பழகிய ஆள், இதையும் தள்ளிவைத்தார். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

அவரைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய் நேராகப் போய் விழுந்தது மகளின் தலையில். அன்று காலை அம்மாவோடு ஒன்றரை மணி நேரம் போனில் பேசியவள் மகள்தான். அலுவலகத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று புலம்பல். “சரி, நீ போய் சாப்பிடும்மா” என்று அவள் வாயில் வரவே இல்லை. அம்மா வெறும் வயிற்றோடு கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால்தான் தலை சுற்றியது, விழும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் அதுவும் உடைந்தது என்று மகள் தானாகவே கோத்து வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அப்பாவைக் கூப்பிட்டால் முதல் கேள்வியே “சாப்பிட்டீங்களா?” என்பதுதான். பதில் வந்ததும் வைத்துவிடுவாள். போன மாதம் மருமகன் தனியாக வந்தான்.

“மாமா, அவ யாரோடயும் போன்ல பேசறதே இல்ல. எங்கம்மாவ நான்தான் கொன்னேன்னு சொல்றா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

“சொல்றேன்ப்பா” என்றார். சொல்லவில்லை. மனைவி வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால் அவருக்குப் பயம். மனைவியும் இல்லை, மகளும் இல்லை என்றாகிவிட்டால் இந்த வீட்டில் அவர் என்ன செய்வார்?

இந்த நிலைமையில்தான் மகள் போன் செய்தாள். “அப்பா, ஓவன நான் எடுத்துக்கறேன். ஞாயித்துக்கெழமை வரேன்.”

உடைந்த கைப்பிடியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் அளவெடுத்து, ரகம் பார்த்து, புதியதைக் கொடுத்தார்.

“ரெண்டு ஸ்க்ரூவும் போட்டு டைட் பண்ணுங்க சார். சில பேரு ஒண்ணோட விட்டுடறாங்க.”

“ஆமா, விட்டுடறாங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக வந்தேவிட்டது. காலை ஏழு மணிக்கே சமையலறைத் தரையில் பழைய போர்வையை விரித்தார். ஓவன் கதவை அகலத் திறந்து, கீல்களின் கொக்கியை மடக்கி, தூக்கிக் கழற்றிப் போர்வையில் கிடத்தினார். ஓரத்து ஸ்க்ரூக்களை எடுத்து உள் கண்ணாடியை ஏந்தி எடுத்தார். முழு வேலைக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அடி மூலையில், எண்ணெய்ப் பிசுக்கும் கேக் துகளும் ஒட்டிக்கொண்டு, அந்த ஸ்க்ரூ கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கால் மணி நேர வேலை. அழுகை வந்தது, அழுதார்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, புதிய கைப்பிடியைப் புதிய ஸ்க்ரூ இரண்டும் போட்டு இறுக்கினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கதவைக் கீலில் ஏற்றினார். கைப்பிடியைப் பிடித்து மூன்று தடவை இழுத்தார். ஓவனே நகர்ந்து வந்தது, கைப்பிடி அசையவில்லை.

பத்தரைக்கு மகள் வந்தாள். கீழே வேனும், தூக்குவதற்கு இரண்டு பேரும். இளைத்துப்போயிருந்தாள். “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனவள், கைப்பிடியைத் தொட்டாள்.

“புதுசு மாட்டிட்டீங்களா? அம்மா பழசப் பிடிச்சிட்டுத்தானேப்பா விழுந்தாங்க. நான் மட்டும் அன்னைக்கு சீக்கிரம் போன வெச்சிருந்தா...”

“நீ இல்லம்மா” என்றார்.

“சும்மா சொல்லாதீங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூவை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஒத்தைக் கால், ஞாயிற்றுக்கிழமை, கலகல சத்தம், எதையும் விடவில்லை. “உங்கம்மாவுக்குத் தலையும் சுத்தல, ஒண்ணும் சுத்தல. உன்கூட பேசிட்டு, நல்லா சாப்பிட்டுட்டுத்தான் கேக் போட வந்தா. தட்டு கழுவின ஈரம்கூட காயல. என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னா. நானும் வாய மூடிட்டு இருந்துட்டேன்.”

மகள் ஸ்க்ரூவை எடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எத்தனை மாசம் சொன்னாங்க?”

“எட்டு மாசம்.”

“நாலு மாசமா நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

மகள் அங்கேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மா சாப்பிட்டிருந்தாள் என்பதற்காகவா, அப்பா சொல்லாமல் இருந்ததற்காகவா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் தலையில் கை வைக்கப் போனவர், வைக்காமல் இழுத்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் கீழே இருந்தவர்களைக் கூப்பிட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “கொஞ்ச நாள் எனக்குப் போன் பண்ணாதீங்கப்பா. எப்போ முடியுதோ நானே பண்றேன்.”

“சரிம்மா.”

இரண்டு பேரும் ஓவனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார்கள். மகள் பின்னால் போனாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மூன்று மாடி இறங்கும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஓவன் சாய்ந்தது, சுவரில் இடித்தது. கதவுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. “கேளுடி, கலகலங்கல” என்று சொல்லத் திரும்பினார். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை.