மூன்று செங்கல் உயரம்

மாங்காட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் தூர்வாரிய குளத்தை நினைத்தால், முதலில் கண்ணில் வருவது மூன்று செங்கல் மேல் நின்ற ஒரு ஃபிரிட்ஜ்தான். குளத்தை ஒட்டிய தெருவில் எல்லா வீட்டிலும் ஃபிரிட்ஜ் செங்கல் மேல்தான் நிற்கும். முந்தைய மழையில் வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியதோ, அதற்கேற்பச் செங்கல்.

அப்போது நான் ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியர். வண்டல் அள்ளியாயிற்று, களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டுக் கரையை இறுக்கியாயிற்று, உபரி நீர் வெளியேறும் கலங்கலுக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்த மறுநாள், அந்தத் தெருவின் முதல் வீட்டு அக்கா வந்து கலங்கல் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாம்மா, மூணு கால் மெஷினு வெச்சி ஒத்தக் கண்ணால பாத்துகினே கீற. எங்க ஊட்டுக்குள்ள ஒரு தபா வந்து பாத்தியா? இது ஒசரமா கீது. கொளம் ரொம்பினா தண்ணி எங்க ஊட்டுக்குத்தான் வரும்."

"மட்டம் பாக்கற மெஷின்ல அளந்துதான் போட்டிருக்கோம்க்கா."

"உன் மெஷினுக்குக் கண்ணு ஒண்ணு. எனக்கு ரெண்டு கீது. மேஸ்திரி டியூபு எடு, பாத்துருவோம்."

மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பினோம். ஒரு முனை கலங்கலின் உச்சியில். மறுமுனையை நான் அக்காவின் வாசல் தாண்டி உள்ளே கொண்டுபோனேன். டியூபில் தண்ணீர் நின்றது, ஃபிரிட்ஜின் இரண்டாவது செங்கலுக்கு நேராக.

அங்கேயே வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். பழைய வரைபடத்தில் இருந்த சிறுபாலத்தின் உயரத்தை வைத்துத்தான் எல்லா மட்டமும் எடுத்திருந்தேன். பிறகு சாலை போட்டபோது அந்தப் பாலத்தையே ஓரடி உயர்த்தியிருந்தார்கள் என்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது; அதனால் கலங்கலும் ஓரடி உயர்ந்துவிட்டது. நான் விசாரிக்கவில்லை.

"என் தப்பு சார், கலங்கலை உடைக்கணும்" என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். அவர் கத்தினார். பிறகு உடைத்தோம், ஓரடி இறக்கினோம். அந்த வேலை நடந்த இரண்டு நாளும் அக்காதான் எல்லோருக்கும் டீ கொடுத்தார். "இன்னா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? தப்ப ஒத்துகினல்ல, குடி" என்று என் கையில் டம்ளரைத் திணித்தார். தெருவே என்னைத் திட்டியிருக்கலாம். அக்கா என் தப்பைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. நான் ஆவடியில் வேறு வேலையில் இருந்தேன். காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு அக்கா அழைத்தார்.

"தண்ணி கலங்கல் மேல ஜோரா போய்கினு கீது. எங்க வாசப்படி கூட நனையல. நீ துன்னியா இல்லியா?"

அன்று எனக்கு அப்போதுதான் பசித்தது.