பழைய நம்பருக்குப் போன ஓடிபி

திருப்பதிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து வருமான வரிக் கணக்கை ஆன்லைனில் நானேதான் தாக்கல் செய்கிறேன். இந்த முறை கடைசி நாளில்தான் உட்கார்ந்தேன். 'இன்னாரின் மகனாகிய நான் உறுதி கூறுகிறேன்' என்ற இடத்தில் நைனாவின் பெயர் தானாகவே வந்து நின்றது. வழக்கம்போலப் படிக்காமல் டிக் அடித்தேன். கணக்கை உறுதிசெய்யும் ஓடிபி, ஆதாரில் இருந்த என் பழைய நம்பருக்குப் போய்விட்டது.

போன தீபாவளிக்கு, விஜயபுரத்தில் இருக்கும் எங்கள் நிலத்தை விற்கச் சொல்லி நைனாவோடு சண்டை போட்டேன். அவர் கூப்பிடக் கூடாது என்றே அந்த நம்பரை விட்டேன். ஆதாரில் மாற்ற மறந்திருந்தேன்.

இப்போது அது யாரிடமோ இருந்தது. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்; ஊர் குடுபல்லி என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவில சொல்லிக்கினே கீறாங்க. உங்க நைனா பேரு இன்னா?"

சொன்னேன்.

"விஜயபுரத்துக்காரர்தானே? மாசம் தவறாம போன் பண்றாரு. இது உங்க புள்ள நம்பர் இல்லன்னு சொன்னா, 'தெரியும்மா. அவன் எப்பனா பண்ணா, வேர்க்கடலை எடுத்தாச்சு, அவனுக்கு ஒரு மூட்டை வச்சிக்கீறேன்னு சொல்லு'ன்றாரு. சரி, ஓடிபி எழுதிக்கோ."

ஆறு எண்களையும் போட்டேன். கணக்கு முடிந்தது.

பிறகு நைனாவுக்குப் போன் செய்தேன். புது நம்பர் என்பதால், "யாருங்க?" என்றார்.

அவர் மகன் என்று வருடாவருடம் அரசாங்கத்திடம் படிக்காமலே உறுதி கூறியவன் நான். அதை அவரிடம் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.