ஏழு நீலக் கொம்புகள்

அறிவுமதிக்கு நாற்பத்தெட்டு வயது. ஊரில் மில் இருந்த காலத்தில் அதன் ஸ்டோரில் சாமான் சரிபார்த்தவன். இப்போது சாரம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை. கொடியில் காயும் சட்டைகள்கூட ஒரே பக்கம் பார்க்க வேண்டும் அவனுக்கு. அவனுடைய அக்கா மேனகாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. வெளியாட்கள் சிரித்தால் மட்டும் கோபம் வரும்.

முதலியார்பேட்டைக்கு அப்பால் புறம்போக்கில் மேயும் மாடுகளைத் தன்னார்வலர்கள் ஐந்து பேர் முறைவைத்துப் பார்த்துவந்தார்கள். நொண்டுகிறதா, மேயாமல் நிற்கிறதா, பிளாஸ்டிக் பையை மெல்லுகிறதா என்று கவனித்து மாட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் கன்றுக்குட்டிக்குப் பயந்து முருங்கை மரத்தில் ஏறி, கிளையோடு கீழே வந்தவன் அறிவுமதி. இதற்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவனும் அவன்தான். அடுத்தவர் முறை நாளிலும் போய் நிற்பான், பத்தடி தள்ளி.

மாடுகளில் பெரும்பாலானவை ஒரே செவலை. காதில் மாட்டிய நம்பர் வில்லைகளில் பாதி விழுந்துவிட்டிருந்தன. அதனால் கொம்பில் பூசிய வர்ணத்தை அடையாளம் வைத்து இருபத்து மூன்றையும் நோட்டில் எழுதியிருந்தான். அந்த நோட்டை மேனகா தெருவில் நாலு பேருக்காவது காட்டியிருப்பாள்.

போகிக்கு முதல் நாள் ஒரு மாடு தலை தொங்கி நின்றதை அவன்தான் கண்டான். அது அம்மாவாசை என்பவரின் மாடு. அவர் வீட்டுக்கு இருந்ததே அது ஒன்றுதான், எட்டு மாதச் சினை. அவரோ கால் முறிந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தார், மனைவியும் அங்கேதான். மாட்டு டாக்டர் ரூபி வந்து காய்ச்சலுக்கு ஊசி போட்டார். நான்கு நாள் கழித்து இன்னொன்று போட்டாக வேண்டும், தவறினால் மாடு தேறாது என்றார். நீலக் கொம்பு என்று அறிவுமதி அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டான்.

நடுவில் மாட்டுப் பொங்கல் வந்ததை மறந்துவிட்டான்.

காணும் பொங்கலன்று காலையில் டாக்டர் ஊசியோடு வந்தபோது ஏழு மாடுகள் நீலக் கொம்போடு நின்றன. தெருவே ஒரு நீலப் பெயிண்ட் டப்பாவைப் பங்கு போட்டு, அம்மாவாசையின் மாட்டுக்கும் சேர்த்தே பூசியிருந்தது. ஏழில் நான்கு சினை. காய்ச்சல் இறங்கியிருந்ததால் எல்லாம் ஒன்றுபோல மேய்ந்தன.

"நான் ஒரு நாளைக்கு நாப்பது மாடு பாக்கறேன் சார். நீங்கதான் சொல்லணும்," என்றார் டாக்டர்.

அறிவுமதி நோட்டைப் புரட்டினான்.

"மூஞ்சி ஞாபகம் இல்லியாடா?" என்றாள் கூட வந்திருந்த மேனகா. "கொம்பத் தவிர எதையும் பாக்கலியா நீ? சரி, பேரு என்னா அதுக்கு?"

பேருக்கு நோட்டில் கட்டமே இல்லை. மேனகா அவன் போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரை அழுத்தி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"சிட்டு," என்றது அம்மாவாசையின் குரல். "வாடி கண்ணு."

ஆறு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் புல்லிலிருந்து வாயை எடுத்துச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நேராகப் போனை நோக்கி வந்தது. அறிவுமதி பழக்கதோஷத்தில் இரண்டடி பின்வாங்கினான். பிறகு முன்னால் போய் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். டாக்டர் ஊசியைப் போட்டார்.

"போட்டாச்சா?" என்று போன் இரண்டு தரம் கேட்டது.

"போட்டாச்சுண்ணே. நல்லா நிக்கிது," என்றான், கையை எடுக்காமலே.

அன்று சாயங்காலமே நோட்டில் புதுக் கட்டம் கிழித்து, அக்காவோடு வீடு வீடாகப் பெயர் கேட்கக் கிளம்பினான். பலராமன் என்பவர் தன் மாட்டுக்குப் பெயரே வைக்கவில்லையாம். ஏய் என்பாராம், வந்துவிடுமாம். மேனகா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அறிவுமதி சிரிக்கவில்லை. கட்டத்துக்குள் கோடு தாண்டாமல் 'ஏய்' என்று எழுதிக்கொண்டான்.